பெண்ணின் தோளுக்கு மட்டும் ஓய்வில்லையா?

தோளில் சத்திர சிகிச்சை செய்து கொண்டவர்களில் ஆண்கள் சீக்கிரம் தேறி விடுகின்றார்கள் என்றும், பெண்கள் மாதக் கணக்கில் "வலி, வலி" என்று சொல்லிக் கொண்டே இருக்கின்றார்கள் என்றும், பெண் சரீரம் இயற்கையிலேயே பலவீனமானது என்பதே இதற்குக் காரணம் என்றும் பாலக்கரைக் கடைத் திண்ணைகளில் பேசிக் கொள்ளுகின்றார்கள். படித்தவர்கள் என்பவர்களும் இதற்கு "ஆமாம்" போடுகின்றார்கள். இது எவ்வளவு தூரம் உண்மை என்பதைச் சற்று யோசித்துப் பார்ப்போம்.

தோள் மூட்டைச் சுற்றி நான்கு தசைகளின் நார்கள் மேல்கை எலும்பின் தலையைப் பிடித்துக் கொண்டிருக்கின்றன. நார் அறுந்து போனால் அதை எலும்போடு சேர்த்துத் தைக்கின்றார்கள். தைத்த நார் எலும்பில் ஒட்டிப் பலப்பட சுமார் 3 மாதமாகும். அதனாலேயே பெரும்பாலும் 4 முதல் 6 வாரம் வரை கையைப் பட்டையில் தொங்கவிட்டு, பாரம் தூக்கக்கூடாது, கையைத் தானாக உயர்த்தக்கூடாது என்கின்றார்கள். முழு பலம் திரும்ப 6 மாதம் முதல் ஒரு வருஷம் வரை செல்லும். இந்தக் கணக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதான்.

சரீரத்தில் வேற்றுமையே கிடையாது என்று நாம் சொல்ல வரவில்லை. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பின் கனம் குறைகின்றது. தோள் இறுகிப் போகும் வியாதியும் பெண்களுக்கே அதிகம். முதல் சில வாரங்களில் பெண்களுக்கு வலி கூடுதலாயிருப்பதாகச் சில ஆராய்ச்சிகள் கண்டிருக்கின்றன. ஆனால் ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது இந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்து போனதாகவும் அவை சொல்லுகின்றன. பிறவிப் பலவீனம் என்றால் அது ஒரு வருஷத்தில் எங்கே ஓடிப் போயிற்று என்று கேட்கின்றோம்.

நமக்குத் தெரிந்த இரண்டு வீடுகளில் நடந்ததைச் சொல்லுகின்றோம். இரண்டும் பாலக்கரையில் ஒரே தெருவில் இருப்பவை. ஒரு வீட்டில் புருஷனுக்கும், மற்றொரு வீட்டில் மனைவிக்கும் ஒரே மாதிரியான தோள் சிகிச்சை நடந்தது. புருஷன் ஆறு வாரமும் சாய்வு நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. குளிப்பாட்டுவதும், சோறு பிசைந்து கொடுப்பதும், சட்டை மாட்டி விடுவதும் மனைவியின் வேலை. மற்ற வீட்டு அம்மாளோ பத்தாம் நாளே அடுப்படிக்கு வந்து விட்டார். இடது கையால் குக்கரை இறக்கினார். முடியாத போது கட்டை அவிழ்த்து விட்டு வலது கையாலேயே தண்ணீர் வாளியைத் தூக்கினார். நாலு மாதத்தில் அவர் வேலைக்குப் போய் விட்டார். இந்த அம்மாளுக்கோ இன்னும் தலை பின்னக் கை எட்டவில்லை. முதுகுப் பக்கம் கை போகவில்லை. அந்த வீட்டார் இதைக் கண்டு பிடித்த காரணம் கிரகக் கோளாறு. செய்த வைத்தியம் தாயத்து! வாளியைத் தூக்கச் சொன்னது எந்தக் கிரகம் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இது இரண்டு வீட்டுக் கதை மாத்திரமல்ல. இந்திய சர்க்கார் 2019-இல் எடுத்த நேரக் கணக்கின்படி, கூலியில்லாத வீட்டு வேலை செய்கின்றவர்கள் பெண்களில் 100-க்கு 81 பேர். ஆண்களில் 26 பேர்தான். அப்படிச் செய்கின்ற பெண் நாளொன்றுக்கு 299 நிமிஷமும், ஆண் 97 நிமிஷமும் செய்கின்றார்கள். காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகின்றவருக்குத் தோள் தைத்தால், "மூன்று மாதம் மூட்டை தொடாதே" என்று எல்லோரும் சொல்லுகின்றோம். மாவுப் பாத்திரமும், ஈரத் துணியும், இடுப்புக் குழந்தையும் மூட்டையில்லையா? 2023 முதல் தமிழ்நாடு சர்க்காரே மகளிர் உரிமைத் தொகை என்று மாதம் 1,000 ரூபாய் கொடுத்து வீட்டு வேலையும் உழைப்புத்தான் என்று ஒப்புக் கொண்டிருக்கின்றது. உழைப்பென்றால் அதற்கு ரஜா வேண்டாமா?

2021-இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் இயன்முறை வைத்தியமும் சேர்ந்திருக்கின்றது. வைத்தியம் வீடு தேடி வரலாம். ஆனால் அரிசி களைந்து உலை வைக்க எந்தத் திட்டமும் வராது. அதைப் புருஷனும் மகனும்தான் செய்யவேண்டும்.

ஆகவே தோழர்களுக்கு நாம் சொல்லுவதெல்லாம் இதுதான். சிகிச்சைக்குத் தேதி குறிக்கும்போதே, அடுத்த ஆறு வாரம் சமையல் யார், துணி துவைப்பது யார் என்பதையும் குறித்து விடுங்கள். சர்க்கரை வியாதி இருந்தால் கட்டுப்படுத்துங்கள். எண்ணெய் போட்டுச் சுளுக்கெடுக்கின்றவர்களிடம் தைத்த தோளைக் கொடுக்காதீர்கள். வைத்தியர் சொன்ன பயிற்சியை அவர் சொன்ன நாளில் செய்ய நேரம் ஒழித்துக் கொடுங்கள். வலிக்கின்றது என்று பெண் சொன்னால் பாசாங்கு என்னாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

1929-இல் செங்கல்பட்டு மகாநாட்டில் பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானம் செய்தோம். சொத்தில் பங்கு கொடுக்கத் துணிந்தவர்கள் அடுப்படி வேலையில் பங்கெடுக்க ஏன் வெட்கப்பட வேண்டும்? முதலில் பெண்ணுக்கும் ஆறு வாரம் ஓய்வு கொடுத்துப் பார்ப்போம். பலவீனம் அவளுடைய சரீரத்திலா, நம்முடைய புத்தியிலா என்பது அப்புறம் தெரிந்து விடும்.