அக்கரைன்னா எந்தக் கரை?

பெரியகுளத்துல ஒருத்தர்கிட்ட "கடை எங்கே இருக்கு?"ன்னு கேட்டா, "அக்கரையில"ம்பார். நடுவுல வராக நதி. தென்கரையில நிக்கிறவருக்கு அது வடகரை, வடகரையில நிக்கிறவருக்கு அது தென்கரை. சொல் ஒண்ணுதான், போய்ச் சேர்ற இடம் வேற. இதே கூத்துதான் பேட்ச் ஃபைல்லயும் நடக்குது மக்களே!

வீட்டுல ஜம்முனு ஓடுன ஸ்கிரிப்ட், லேப்ல "ஃபைலைக் காணோம்"னு கையை விரிக்கும். வெறும் ஃபைல் பேரை மட்டும் எழுதினா, விண்டோஸ் ஸ்கிரிப்ட் இருக்கிற ஃபோல்டர்ல தேடாது. அப்போ நிக்கிற ஃபோல்டர்ல தேடும். டபுள் கிளிக் பண்ணினா பெரும்பாலும் ரெண்டும் ஒண்ணுதான். ஆனா ரைட் கிளிக் பண்ணி அட்மினிஸ்ட்ரேட்டரா ஓட்டினா நிக்கிற இடம் சிஸ்டம்32! ஸ்கிரிப்ட்ல "எல்லாத்தையும் அழி"ன்னு ஒரு வரி இருந்தா? நினைச்சாலே வயித்தைக் கலக்குதுல்ல?

இதுக்கு சீனியர்கள் சொல்ற வைத்தியம்: "முழு பாதையையும் எழுதிடு." அபத்தம்! வீட்டுல இ டிரைவா இருந்த பென் டிரைவ், லேப்ல ஜி டிரைவா மாறலாம். மாறாத சர்வர் ஃபோல்டர்னா முழு பாதை சரி. கூடவே எடுத்துட்டுப் போற ஃபைலுக்கு எதுக்கு?

"பேட்ச் ஃபைல் பாவம், அதுக்குத் தன் இடம் தெரியாது"ங்கிற புலம்பல் விண்டோஸ் 98 காலத்துல ஓரளவு நியாயம். விண்டோஸ் 2000 வந்தப்பவே அது செத்துப்போச்சு. சதவீதக் குறி, டில்டே, டி, பி, சுழியம். இந்த அஞ்சு எழுத்து போதும். சுழியம்னா ஓடுற ஸ்கிரிப்ட், டின்னா டிரைவ், பின்னா பாதை. ஸ்கிரிப்ட் ஆரம்பத்துலயே சிடி கட்டளை, சாய்கோடு டி, அப்புறம் இரட்டை மேற்கோளுக்குள்ள இந்த அஞ்சும். சாய்கோடு டியை விட்டா டிரைவ் மாறாது. மேற்கோளை விட்டா, பேர்ல & குறி இருக்கிற ஃபோல்டர்ல சறுக்கும். நெட்வொர்க் ஃபோல்டரை சிடி ஏத்துக்காது, அங்கே புஷ்டி கட்டளை போடணும் (நிஜமாவே பேர் அதுதான்!). அது தற்காலிகமா ஒரு டிரைவ் எழுத்தைக் கொடுத்து உள்ளே கூட்டிட்டுப் போகும்.

ஒரே ஒரு வரி. அதைச் சொல்லிக்கொடுக்காம, ப்ராஜெக்ட் டெமோ அன்னிக்கு ஸ்கிரிப்ட் நின்னுபோனதும் "நீ படிக்கல"ன்னு பையன் மார்க்கைக் குறைக்கிறது எந்த ஊர் நியாயம்?

ஆத்துக்கு எந்தப் பக்கம் நின்னு பேசறோம்னு முதல்ல சொல்லணும். அப்புறம்தான் அக்கரை.