பிரேக்கரைப் பெருப்பிப்பது தீர்வல்ல, மோட்டரை எரிக்கும் வழி!



எங்கள் பள்ளிவாசலொன்றில் வுழூ தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டர் மூன்றாவது தடவையும் எரிந்துவிட்டது. வழமைபோல "சாமான் சரியில்ல" என்றோம். காயில் கட்டக் கொடுத்தோம். ஜும்ஆவில் துண்டு விரித்தோம். எரிந்தது ஏன் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

காரணம் போர்டிலேயே இருக்கிறது. முதலில் 20 அம்பியர் பிரேக்கர் இருந்தது. அடிக்கடி விழுகிறது என்று 32 போட்டோம். விழுவது நின்றது, மோட்டர் எரிந்தது. இதைச் செய்தது பாஸ் மட்டுமல்ல, "விழாத மாதிரி ஒண்டு போடுங்க" என்று சொன்ன நாமும்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு குதிரைவலு மோட்டரின் தகட்டில் 6 அம்பியர் என்று இருப்பதாக வைப்போம். ஸ்டார்ட் ஆகும் கணத்தில் அது ஐந்தாறு மடங்கு இழுக்கும், அது இயல்பு. பேரிங் இறுகினாலோ, வோல்ட்டேஜ் குறைந்தாலோ 9, 10 அம்பியர் தொடர்ந்து இழுக்கும். காயில் மெதுவாக வேகும். 20 அம்பியர் பிரேக்கருக்கே அது தெரியாது, 32க்கு எப்படித் தெரியும்? பம்ப் முற்றாக இறுகி 35 அம்பியர் இழுத்தாலும் 32 அம்பியர் பிரேக்கர் விழாமல் இருக்கலாம். தனது அளவின் 1.13 மடங்கு, அதாவது 36 அம்பியர் வரை ஒரு மணித்தியாலம் தாங்க வேண்டும் என்பதே அதன் தரவிதி. போதாததற்கு வயர் 2.5 சதுர மில்லிமீட்டர். அதுவும் சூடாகும். மோட்டரோடு நிற்காது, கூரைக்கும் நெருப்புப் போகலாம்.

பிரேக்கரின் வேலை ஷோர்ட் ஆனால் உடனே வெட்டுவதும் வயரைக் காப்பதும். மோட்டரைக் காப்பது ஓவர்லோட் ரிலே. இரண்டும் வேறு வேலை, ஒன்று மற்றதற்குப் பதிலாகாது. "ட்ரிப் சுவிட்ச் இருக்குத்தானே" என்பார்கள். அது கரண்ட் கசிந்தால் ஆளைக் காப்பாற்றும், மோட்டரை அல்ல.

ரிலேயின் டயலைத் தகட்டில் உள்ள அம்பியருக்கே வைக்க வேண்டும். விழுகிறது என்று கூட்டக் கூடாது. மூன்று முனை ரிலேயை வீட்டுக் கரண்டுக்குப் போட்டால் மூன்று முனையூடாகவும் தொடராகக் கரண்ட் ஓட வேண்டும், இல்லையென்றால் சும்மா சும்மா விழும். பிறகு அதையும் கழற்றி எறிவோம்! ஸ்டார்ட்டில் பிரேக்கர் விழுந்தால் அளவைக் கூட்டாமல், பி வகையா சி வகையா என்று பாருங்கள். பி மூன்று முதல் ஐந்து மடங்கிலும், சி ஐந்து முதல் பத்து மடங்கிலும் உடனே வெட்டும். கிணறு வற்றிப் பம்ப் வெறுமனே ஓடினால் கரண்ட் குறையும், ரிலேக்கும் தெரியாது. அதற்கு மிதவை சுவிட்ச் வேண்டும்.

"ரிலே, கொண்டாக்டர் எல்லாம் வீண் செலவு" என்போருக்கு ஒரு கேள்வி: மூன்று தடவை காயில் கட்டிய காசு யாருடையது? கூலிவேலை செய்யும் வாப்பாமார் போட்ட ஸதகா. அது அமானிதம் இல்லையா?

பத்தாம், பதினோராம் வகுப்பில் கரண்ட் பாடம் நடத்தும் நாங்களே தகட்டை வாசிக்கவில்லை என்பதையும் வெட்கத்தோடு சொல்கிறோம்.

நிர்வாக சபையினரே, இந்த முறை காயில் கட்டி வந்த மோட்டரைப் பூட்டுமுன் தகட்டையும் போர்டையும் போட்டோ எடுத்து ஜமாஅத் குரூப்பில் போடுங்கள். அந்த 32ஐ முதலில் கழற்றுங்கள். வீட்டுக் கிணற்று மோட்டர் வைத்திருப்பவர்களும் இன்றே போய்ப் பாருங்கள்.