களம் காணாமல் மாண்டவர்கள்

யுத்தத்தில் இறந்தவன் என்றால் எதிரியின் குண்டுக்கு இரையானவன் என்றே நாம் எண்ணிக்கொள்கிறோம். இரண்டாவது உலக யுத்தத்தின் கணக்கைப் பார்த்தால் அந்த எண்ணம் மாறும். பிரிட்டிஷ் விமானப்படையின் குண்டுவீச்சுப் பிரிவில் விமானத்தில் ஏறிப் பணியாற்றியவர்கள் சுமார் 1,25,000 பேர். அவர்களில் 55,573 பேர் உயிரிழந்தனர். இந்த 55,573 பேரில் எட்டாயிரத்துக்கும் அதிகமானோர் எதிரியால் கொல்லப்பட்டவர்கள் அல்ல. பயிற்சியின்போதும் மற்ற விபத்துகளிலும் மாண்டவர்கள்.

காரணங்கள் தெளிவானவை. போர்முனைக்கு இனி உதவாது என்று ஒதுக்கப்பட்ட பழைய விமானங்கள் பல பயிற்சிக்குத் தள்ளப்பட்டன. யுத்த கால இருட்டடிப்பில் தரையிலே வழிகாட்டும் வெளிச்சம் இல்லை. மேகம் மூடிய இரவுகளில் வழி தவறி, வேல்ஸ் மலைகளிலும் வட இங்கிலாந்துக் குன்றுகளிலும் மோதி நொறுங்கிய விமானங்கள் பல. அவற்றின் சிதைந்த பாகங்களை இன்றும் அங்கே காணலாம். ஏறியவர்களோ இருபது வயதைத் தாண்டியும் தாண்டாததுமான இளைஞர்கள். தாமாக முன்வந்து சேர்ந்தவர்கள்.

பயிற்சிக்கும் போருக்கும் நடுவே கோடு கிழிப்பதும் எளிதல்ல. 1942 மே 30-ஆம் தேதி இரவு ஜெர்மனியின் கொலோன் நகரின் மீது ஆயிரத்துக்கும் அதிகமான விமானங்கள் ஏவப்பட்டன. அந்த எண்ணிக்கையை நிரப்பப் பயிற்சி நிலையங்களிலிருந்து ஆசிரியர்களையும் மாணவர்களையும் அனுப்பினார்கள். நேற்றைய மாணவன் இன்றைய போர்வீரன் ஆனான். அதற்கு முந்தின நாள் பயிற்சியில் விழுந்திருந்தால் மட்டும் அவன் தியாகம் குறைந்துவிடுமா?

நகரங்கள் மீது குண்டு வீசிய படையை நினைவுகூரலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதே. 2012-இல் லண்டனில் திறக்கப்பட்ட நினைவுச் சின்னத்திலேயே, குண்டுவீச்சில் மடிந்த எல்லா நாட்டினரையும் நினைவுகூரும் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. போர்முறையைக் கண்டிப்பது வேறு. மாண்டவனை மறப்பது வேறு.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் இதில் நல்ல முறை ஒன்றைப் பின்பற்றி வருகிறது. பதவியைப் பார்த்தோ, இறந்த விதத்தைப் பார்த்தோ அது பேதம் பாராட்டுவதில்லை. களத்தில் விழுந்தவனுக்கும் பயிற்சியில் விழுந்தவனுக்கும் ஒரே மாதிரிக் கல்தான்.

இது கடல் கடந்த கதை மட்டுமல்ல. கோலார் என்றதும் நம்மவருக்குத் தங்கவயல்தான் நினைவுக்கு வரும். அதே கோலாரில் 1944-இல் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களுக்கான பயிற்சிப் பிரிவு ஒன்று இயங்கியது.

விமானத்தை விட்டு நம் ஆலைகளுக்கு வருவோம். தொழில் பழக வந்த பையன் இயந்திரத்தில் அடிபட்டால், "பழகுநர்தானே, நிரந்தரத் தொழிலாளி இல்லையே" என்று கைகழுவப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டமே, பயிற்சியில் ஏற்படும் காயத்துக்கு முதலாளி நஷ்டஈடு தரவேண்டும் என்று விதித்தது. வேலைக்குத் தயாராவதும் வேலையே என்பதுதான் அதன் பொருள்.

கடமைக்குத் தயாராகும்போது உயிர்விட்டவன் கடமையில் உயிர்விட்டவனே. நினைவுச் சின்னத்தானாலும் சரி, நஷ்டஈட்டுத் தாளானாலும் சரி, அவன் பெயர் இரண்டாம் வரிசையில் இருக்கக் கூடாது.