மூன்றாம் நாளுக்குப் பிறகு

பிள்ளை பெற்ற வீட்டுக்குச் செவிலியர் போய்வருவதெல்லாம் பழைய காலத்து ஏற்பாடு, அதை நிறுத்திவிட்டு அந்தப் பணத்தையும் ஆட்களையும் மருத்துவமனைக்குத் திருப்பலாம் என்று ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது. மூன்று காரணம் சொல்கிறார்கள். பிரசவம் எல்லாம் மருத்துவமனையில்தான் நடக்கிறது. சந்தேகம் என்றால் கையில் போன் இருக்கிறது. சிசு மரணம் ஏற்கெனவே குறைந்துவிட்டது. பச்சைக் குழந்தை இருக்கும் வீட்டின் வாசப்படியை ஒருநாளும் மிதிக்காதவர்கள்தான் இப்படிப் பேச முடியும்.

தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கும் மேல் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்வது உண்மை. நாம் பெருமைப்பட வேண்டிய உண்மையும்கூட. அதே கணக்கெடுப்பு, இங்கே நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன் என்றும் சொல்கிறதே, அதை ஏன் இவர்கள் படிக்கவில்லை? வயிற்றில் தையலோடு இருப்பவளை, கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வா என்கிறார்கள். பச்சை உடம்புக்காரியை முப்பது நாள் வாசல் தாண்ட விடாத வீடுகள் இன்னும் ஏராளம். அந்த வழக்கத்தோடு எனக்கும் சண்டை உண்டு. ஆனால் அது ஒழியும்வரை அந்தக் குழந்தையை யார் பார்ப்பது?

சுகப்பிரசவம் என்றால் இரண்டு மூன்று நாளில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். மருத்துவமனையின் வேலை அதோடு முடிகிறது. குழந்தை வளர்வதும் நோயில் விழுவதும் அதற்குப் பிறகுதான். அதனால்தான் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும் என்று தேசிய விதிமுறை இருக்கிறது. போகிறவர் குழந்தையை எடை போடுகிறார், உடம்புச் சூட்டைப் பார்க்கிறார், தொப்புளில் சீழ் இருக்கிறதா என்று பார்க்கிறார், ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுகிறார். அறுபதோ அதற்கு மேலோ போனால் அது ஆபத்து. கூடவே, யாரும் சொல்லாததும் அவர் கண்ணில் படும். சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணம். அடுப்புப் புகை சூழ்ந்த மூலையில் தொங்கும் தூளி. பத்தியம் என்ற பேரில் தண்ணீர்கூடப் போதுமான அளவு கொடுக்கப்படாமல், பால் சுரக்கவில்லையே என்று அழுதுகொண்டிருக்கும் தாய். இதில் எதையும் அவள் மருத்துவமனைக்கு வந்து புகாராகச் சொல்லப்போவதில்லை. அவளுக்கு அது புகாரே இல்லை.

போனில் கேட்டுக்கொள்ளலாமாம். பால் குடிப்பதை நிறுத்திய குழந்தை அழாது, துவண்டு தூங்கும். “சமத்தாத் தூங்குது” என்றுதான் பாட்டி போனில் சொல்வார். உள்ளங்கால் சில்லிட்டிருப்பதைத் தொட்டுப் பார்க்கப் போனுக்குக் கை கிடையாது. அதோடு பல வீடுகளில் அந்தப் போன் கணவன் சட்டைப்பையில், கணவன் வேலையில்.

மூன்றாவது காரணம்தான் எனக்கு ஆத்திரமூட்டுகிறது. 2020 மாதிரிப் பதிவுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தைகளுக்கு 13 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். அந்த 13 பேரில் 9 பேர் முதல் 28 நாட்களுக்குள் போய்விட்டார்கள். எந்த நாட்களில் வீடு தேடிப் போக வேண்டும் என்று விதிமுறை சொல்கிறதோ, மிச்சமிருக்கும் மரணத்தில் பெரும்பகுதி அதே நாட்களில்தான் நடக்கிறது. குறைந்துவிட்டது, ஆகவே நிறுத்துவோம் என்பவர்கள் இந்த ஒன்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் தம்பதி 39 கிராமங்களில் உள்ளூர்ப் பெண்களைப் பழக்கி வீடுவீடாக அனுப்பினார்கள். திட்டம் இல்லாத கிராமங்களோடு ஒப்பிட்டபோது, மூன்றாம் ஆண்டில் பச்சிளம் குழந்தை மரணம் 62 சதவீதம் குறைந்திருந்தது. 1999-ல் ‘லான்செட்’ இதழ் அந்த முடிவை வெளியிட்டது. அங்கே பிரசவம் வீட்டில் நடந்தது, இங்கே அப்படியில்லை என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பெண்கள் போட்ட ஊசியை இங்கே செவிலியர் போட வேண்டியதில்லை. ஆனால் நோயை முதல் நாளிலேயே கண்டுபிடிக்க ஒருவர் குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாக வேண்டும். அந்தத் தேவை இரண்டு ஊருக்கும் ஒன்றுதான்.

உயிரைக் காப்பதோடும் இது முடிவதில்லை. ஜமைக்காவின் கிங்ஸ்டனில் 1986–87-ல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. ஒரு பகுதிக் குழந்தைகளின் வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு ஆண்டுகள், சுகாதாரப் பணியாளர்கள் போனார்கள். கையால் செய்த பொம்மைகளை வைத்து, குழந்தையோடு எப்படிப் பேசுவது, விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார்கள். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, அப்படிப் பார்க்கப்படாத குழந்தைகளைவிட அவர்களுடைய சம்பாத்தியம் 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. வீண்செலவு என்று எதைச் சொல்கிறார்கள்?

வருகிறவர்கள் குழந்தையைப் பார்ப்பதில்லை, நம்பர் கேட்டு எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்ற குறையை மட்டும் நான் ஏற்பேன். அது நடக்கிறது. கிராம சுகாதாரச் செவிலியரைப் பதிவேட்டுக்கும் கணினிப் பதிவுக்கும் ஓட வைத்தது சுகாதாரத் துறை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போனவளின் பதிவு புருஷன் ஊரில் இருக்கிறது என்பதால் இரண்டு ஊர்ச் செவிலியரும் அவளைத் தவறவிடுவதும் துறையின் கோளாறே. அதைத் திருத்தச் சொல்லுங்கள், நானும் கூட நின்று கேட்கிறேன். பயணத்தையே நிறுத்து என்பது அந்தத் தாயைக் கைவிடுவது.

அரசு செய்ய வேண்டியது எளிது. காலிப் பணியிடங்களை நிரப்புங்கள். கணினிப் பதிவுக்கு வேறு ஆள் போடுங்கள். செவிலியர் கையில் தராசையும் தெர்மாமீட்டரையும் கொடுத்து, முதல் பதினான்கு நாளில் மூன்று முறை அந்த வீட்டுக்கு அனுப்புங்கள்.