காசு என்ன பூஜைப் பாத்திரமா?

பரணிலிருந்து பாட்டியின் தகரப்பெட்டி இறங்குகிறது. அடியில் நாலைந்து செப்புக் காசுகள். அதில் ஒன்று 1835-ம் வருடத்துக் கிழக்கிந்தியக் கம்பெனி காலணா. கறுத்துப் போயிருக்கிறது. அடுத்து என்ன நடக்கும்? நேராகச் சமையலறைதான்! புளி, உப்பு, பழைய டூத் பிரஷ். ஐந்தே நிமிடத்தில் காசு தகதகவென்று மின்னும். "பழைய கலர் வந்துடுச்சு பாரு!" என்று வீடே குதூகலிக்கும்.

வரவில்லை ஐயா, போய்விட்டது! போனது போனதுதான்.

புதிதாக அச்சடித்த செப்புக் காசு சிவப்பாகத்தான் இருக்கும். காற்றுப் படப்பட அதன்மேல் ஆக்சைடு படலம் உருவாகிப் பழுப்பாகிறது. மண்ணுக்குள் கிடந்தால் கார்பனேட் சேர்ந்து பச்சையாகிறது. இந்தப் படலம் அழுக்கல்ல, அந்தச் செம்பேதான் மாறியிருக்கிறது. உள்ளே இருக்கும் உலோகத்துக்கு அதுதான் கவசம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அதைக் கரைத்துவிடும். பிரஷ் தன் பங்குக்குக் கீறிவிடும். மிஞ்சுவது பிறந்தபோது இருந்த சிவப்பல்ல, தோலுரித்த சிவப்பு. அதுவும் கொஞ்ச நாளில் திட்டுத்திட்டாகக் கறுக்கும்.

காலணாவுக்கே இந்தக் கதி என்றால் முதலாம் ராஜராஜன் (985–1014) காசு என்ன பாடுபடும்? ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவம், அருகில் நாகரி எழுத்தில் 'ஸ்ரீ ராஜராஜ'. ஆயிரம் வருடம் தாங்கிய எழுத்தை ஐந்து நிமிடத் தேய்ப்பு மழுங்கடித்துவிடும்.

விவரமான சேகரிப்பாளர் தேய்த்த காசைப் பார்த்ததுமே விலையைக் குறைப்பார். இது தெரிந்தும் சில வியாபாரிகள் காசை மினுக்கி, 'புத்தம் புதுசு' என்று புதியவர்கள் தலையில் கட்டுகிறார்கள். இதற்குப் பெயர் சுத்தம் செய்வதா? மோசடி!

"அப்ப அழுக்கோடவே வெச்சிருக்கணுமா?" என்று கேட்பீர்கள். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, துணியால் ஒற்றி, நன்றாக உலர்த்துங்கள். விளிம்பைப் பிடித்தே எடுங்கள், விரல் வியர்வையின் உப்பு கறையாகப் பதியும். பி.வி.சி. உறை வேண்டவே வேண்டாம், நாளடைவில் பச்சைப் பிசுக்கு ஒட்டும். டப்பாவுக்குள் ஈரத்தை உறிஞ்ச சிலிக்கா ஜெல் போதும். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால் மட்டும் விஷயம் வேறு. அது குளோரைடு அரிப்பு. அதற்கும் மருந்து புளியல்ல, அருங்காட்சியக வேதியியல் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

மின்னத்தான் வேண்டும் என்றால் வீட்டில் செப்புக் குடம் இருக்கிறது, ஆசை தீரத் தேயுங்கள். காசைக் கறுப்பாகவே விட்டுவிடுங்கள், புண்ணியமாகப் போகும்!