கோற்குதிரையும் மின்பொறியும்

தோவாளையில் கட்டப்படும் மாணிக்க மாலையில் மாணிக்கம் ஒன்றேனும் இல்லை. செவ்வரளி, வெள்ளரளி, நொச்சியிலை ஆகிய இவையே அதன் பொருள்கள். இவற்றை மடித்து நிரல்பட வைத்துத் தொடுக்கும் கைத்திறத்தினாலன்றோ அம்மாலை மணிகள் பதித்த பட்டிகையைப் போல் விளங்குகின்றது! 2025-ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தமை நாஞ்சில் நாட்டார்க்குப் பெருமை தருவதே. இல்லாத மணியை உள்ளதுபோற் காட்டும் இவ்வாற்றல் பெரியோர்க்குப் பல்லாண்டுப் பயிற்சியினால் வாய்ப்பது; சிறுவர்க்கோ பயிற்சியின்றியே வாய்ப்பது. அவ்வூர்ச் சிறுவன் ஒருவன் கருக்கு நீக்கிய பனைமட்டையொன்றைக் கால்களினிடையே வைத்துக்கொண்டு ஓடத் தொடங்குவானாயின், அம்மட்டை அக்கணமே குதிரையாகிவிடுகின்றது. கண்ணும் காதும் வாலும் அதற்கு வேண்டுவதில்லை. ஓடுவோன் ஒருவன் உளனாதலே போதும்.

இத்தகைய குதிரையைக் கோற்குதிரை என்று அழைப்போம். ஒரு கோல், அதன் நுனியில் துணியாலோ மரத்தாலோ செய்த குதிரைத்தலை, பற்றிக்கொள்ள ஒரு கடிவாளம் என்னும் இவ்வளவே அதன் உறுப்புக்கள். இதனுள்ளும் இந்நாளில் மின்பொறி புகுந்துவிட்டது. காதை அழுத்தினால் கனைக்கும் குதிரைகளும், பாட்டுப் பாடும் குதிரைகளும், கண்ணில் விளக்கெரியும் குதிரைகளும் கடைகளில் விற்கப்படுகின்றன. நம் மாணவர் பலர் மின்னணுப் பொறிகளைத் தம் கையாலேயே அமைக்க வல்லவராயிருக்கின்றனர். ஆதலின், சிறுவர்க்கென மின்னணுக் கோற்குதிரையொன்றை நாமே வகுப்பதாயின் அஃது எவ்வாறு இருத்தல் வேண்டுமென்பதைச் சிறிது ஆராய்வோம். நமது கருத்தை முதற்கண்ணே கூறிவிடுகின்றோம்: குழந்தை ஓடினாலன்றிக் குதிரை ஓடலாகாது.

இது நாம் புதிதாகக் கண்ட கொள்கையன்று. குறுந்தொகையின் 61-ஆம் செய்யுளில், தும்பிசேர் கீரனார் என்னும் புலவர், தச்சன் செய்து தந்த குதிரை பூட்டிய சிறு வண்டியை உவமையாக எடுத்தாளுகின்றார். சிறுவர் அவ்வண்டியில் ஏறிச்சென்று இன்புறல் இயலாது. ஆயினும் கையால் இழுத்தே இன்புறுவர் என்பது அவ்வுவமையின் கருத்து. பட்டினப்பாலையிலும் குதிரையின்றிச் சிறுவர் உருட்டும் மூன்று கால் சிறுதேர் சொல்லப்படுகின்றது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களுள் இறுதியாக நிற்பதும் சிறுதேர்ப் பருவமே. இவ்விடங்களிலெல்லாம் தேர் தானே ஓடவில்லை. பிள்ளையே அதனை ஓட்டுகின்றது.

குதிரையின்றிக் குதிரையேறும் வழக்கம் பெரியோரிடத்தும் உண்டு. அகப்பொருள் நூல்களில் வரும் மடல்மா பனைமடலாற் செய்த குதிரையன்றி வேறன்று. தஞ்சைப் பகுதியிற் புகழ்பெற்ற பொய்க்கால் குதிரையாட்டத்தில் குதிரையின் உடல் ஆடுவோன் இடையில் தொங்குகின்றது; மரக்கால் கட்டிய அவன் கால்களே குதிரையின் கால்களாகின்றன. மேனாட்டிலும் இவ்விளையாட்டுப் பழமையானதே. 1560-இல் பீட்டர் புரூகல் தீட்டிய சிறுவர் விளையாட்டுக்கள் என்னும் ஓவியத்தில் கோற்குதிரை ஏறிய சிறுவனைக் காணலாம். கலை வரலாற்றறிஞர் எர்ன்ஸ்ட் கோம்பிரிக் 1951-இல் கோற்குதிரையைக் குறித்தே ஒரு கட்டுரை வரைந்தார். கோல் குதிரையைப் போன்ற உருவம் பெற்றிருப்பதனால் குதிரையாகவில்லை, ஏறி ஓடத் தகுந்ததாயிருப்பதனாலேயே குதிரையாகின்றது என்பது அவர் காட்டிய உண்மை. பனைமட்டையில் ஓடும் நம் சிறுவர் இவ்வுண்மையைக் கட்டுரை படியாமலே அறிவர்.

நாஞ்சில் நாட்டில் முன்னாளில் விளையாட்டுப் பொருளுக்குக் கடைக்குச் சென்றவர் சிலரே. நுங்கெடுத்த கூந்தல்கள் இரண்டு வண்டியின் உருளைகளாயின. கமுகம்பாளையில் ஒருவன் உட்கார மற்றொருவன் இழுத்துச் சென்றான். பனையோலை காற்றாடியாயிற்று. இவையனைத்திற்கும் பொதுவான இயல்பொன்று உண்டு. பொருள் பாதியே தரும். மற்றைப் பாதியைக் குழந்தை தரவேண்டும். வண்டியின் ஓசையை வாயாலெழுப்ப வேண்டும். வளைவுகளைக் காலால் திருப்ப வேண்டும். ஊரையும் வழியையும் மனத்தாற் படைக்க வேண்டும். அம்மற்றைப் பாதியிலேதான் விளையாட்டென்பது உளது.

கடைகளில் நாம் காணும் மின்குதிரைகள் பல இந்தப் பாதியைக் குழந்தையிடமிருந்து கவர்ந்துகொள்கின்றன. பொத்தானை அழுத்துகின்றது குழந்தை, குதிரை கனைக்கின்றது. மீண்டும் அழுத்துகின்றது, அதே கனைப்பு. பத்து முறை கேட்டபின் அதில் அறிவதற்கொன்றுமில்லை. ஓடினாலும் நின்றாலும் குதிரை பாடுவதொரே பாட்டாயின், ஓடுவதனாற் பயன் யாது? ஆதலின் குழந்தை நின்றுவிடுகின்றது. ஓடுவோனாயிருந்தவன் பார்ப்போனாகிவிடுகின்றான். மின்பொறியின் குற்றமன்று இது. அதனை எவ்விடத்து வைப்பதென்று எண்ணாதவர் குற்றமே.

“அங்ஙனமாயின் மின்பொறியே வேண்டா; பழைய கோலே போதும்” என்பார் சிலர். அவர் கூற்றிலும் உண்மையுண்டு. பின்லாந்து நாட்டில் சிறுமியர் கோற்குதிரையேறித் தடைகளைத் தாண்டும் போட்டிகளை நடத்துகின்றனர். குதிரைத்தலைகளைத் தம் கையாலேயே தைப்பவரும் அவருட் பலர். மின்பொறியின் துணை அவர்க்கு வேண்டியிருக்கவில்லை. ஆயினும் கோலும் கையும் மட்டும் தரமுடியாத நன்மைகள் சில மின்பொறியால் வருமென்பதும் உண்மையே. அவற்றுக்காக மட்டும் அதனை ஏற்றுக்கொள்வதே அறிவுடைமையாம்.

நாம் விரும்பும் குதிரை இது. கோலின் மேற்பகுதியில் முடுக்கமானி என்னும் சிறு கருவி அமைதல் வேண்டும். கைப்பேசியைச் சாய்க்கும்போது திரையைத் திருப்பும் கருவி இதுவே. இதனுள் மயிரினும் நுண்ணிய தாங்கிகளில் ஒரு சிறு நிறை நிற்கின்றது. கருவி அசையுங்கால் அந்நிறை சற்றே இடம்பெயர, அப்பெயர்ச்சி மின்குறியாக வெளிவருகின்றது. அசையாது நிற்கும்போது புவியீர்ப்பின் அளவாகிய 9.8-ஐக் காட்டும். குழந்தை துள்ளி இரு கால்களும் நிலத்தை விட்டெழுங்கால் அவ்வளவு குறையும். மீண்டும் நிலத்தில் ஊன்றுங்கால் மிகும். இவ்வேற்றத் தாழ்வுகளை எண்ணும் பொறிக்குக் குழந்தை எப்போது அடிவைத்தது, எவ்வளவு விரைந்து வைக்கின்றது என்பவை தெரியவரும். இதற்கு அரிய கருவிகள் வேண்டுவதில்லை. 2016-இல் பிரித்தானிய ஒலிபரப்புக் கழகம் அந்நாட்டுப் பள்ளி மாணவர்க்கு வழங்கிய மைக்ரோபிட் என்னும் சிறு பலகையிலேயே முடுக்கமானி அமைந்துள்ளது.

குளம்பொலிக்கு நம் தோப்புகளிலேயே வழியுண்டு. பிளந்த சிரட்டைகள் இரண்டைத் தட்டிக் குளம்பொலி எழுப்புதல் வானொலி நாடகக்காரர் நெடுங்காலம் கையாண்ட முறை. அச்சிரட்டைகளைக் கோலின் முன்புறத்தில் கட்டி, மின்காந்தத்தால் இழுக்கப்படும் சிறு மரச்சுத்தியொன்று அவற்றைத் தட்டுமாறு செய்யலாம். வீட்டு வாயிலில் ஒலிக்கும் பழைய மின்மணியின் அமைப்பே இது. பதிவு செய்த ஒலியை ஒலிபெருக்கியில் வெளியிடுதல் இதனினும் எளிதேயாயினும் சிரட்டையையே நாம் விரும்புகின்றோம். ஒலி எங்கிருந்து வருகின்றதென்பதைக் குழந்தை தன் கண்ணாற் காணட்டும்.

ஒலியின் தாளம் குழந்தையின் வேகத்திற்கேற்ப மாறுதல் வேண்டும். பரியின் கதி ஐந்தென நம் முன்னோர் வகுத்தனர். இக்காலத்தார் கணக்கின்படி, குதிரை மெல்ல நடக்குங்கால் நான்கு குளம்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக நான்கு ஒலி தரும். சிற்றோட்டத்தில் எதிரெதிர் மூலைக் கால்கள் இணைந்து ஊன்றுதலால் இரண்டொலி. அதனினும் விரைந்த துள்ளோட்டத்தில் மூன்றொலி. முழுப் பாய்ச்சலில் மீண்டும் நான்கு. குழந்தை நடந்தால் முதற்றாளம், விரைந்தால் அடுத்தது, பாய்ந்தால் இறுதியானது. நின்றாலோ முழு மௌனம். எவரும் கற்பியாமலே, எவ்வளவு விரைந்தால் தாளம் மாறுகின்றதெனக் குழந்தை தானே ஓடி ஓடிக் கண்டறியும். இத்தேடலே அப்பொறி தரும் முதல் நன்மையாம். பாட்டும் விளக்கும் பேச்சும் இதற்கு வேண்டா. கனைப்பும் வேண்டா, கனைப்பது ஏறியிருப்போன் கடமை!

இரண்டாவது நன்மை இதனினும் பெரிது. பனைமட்டைக் குதிரை ஓடவல்ல பிள்ளைக்கே குதிரையாகும். கால் வலியிழந்து சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளை ஏனையோர் ஓடுவதைப் பார்த்தே இருக்கவேண்டியதாகின்றது. மின்பொறியோ இவ்வேறுபாட்டை ஒரு திருகினால் நீக்கவல்லது. எவ்வளவு அசைவிற்கு விடையளிப்பதென்பதை நாமே குறித்துக்கொள்ளலாமாதலின், நாற்காலியின் கையில் பொருத்திய குதிரை, பிள்ளை கடிவாளத்தைச் சற்றே அசைத்தாலும் பாய்ந்தோடும். செவிப்புலன் இல்லாத பிள்ளைக்குக் கைப்பிடியினுள் அதிரும் சிறு மோட்டாரொன்றை வைத்தால், குளம்படியைக் கையால் உணரும். பார்வையற்ற பிள்ளையின் குதிரை எங்கே ஓடுகின்றதென்பதை அதன் ஒலியால் ஏனையோர் அறிந்து விலகுவர். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மந்தையாய் ஓடுமாறு செய்யவல்ல பொறியை வீணென்று தள்ளுதல் எங்ஙனம் பொருந்தும்?

இனிக் காப்பைப் பற்றிச் சில சொல்வோம். பொத்தான் போன்ற சிறு மின்கலங்களை இக்குதிரையில் அறவே வைத்தலாகாது. குழந்தை அதனை விழுங்கி, உணவுக்குழலில் அது தங்கிவிடுமாயின், இரண்டு மணி நேரத்திற்குள்ளாகவே கொடும் புண் உண்டாகி உயிருக்கே கேடு விளையலாம். விழுங்கவியலாத பருமனுள்ள கலங்களையே கொண்டு, அவற்றின் அறையைத் திருகாணியால் மூடுதல் வேண்டும். கோலின் அடி மழுங்கியதாய், சாயம் ஈயம் கலவாததாய் இருத்தல் வேண்டும். நம் நாட்டில் விளையாட்டுப் பொருள்களின் தரம் பற்றி 2020-இல் பிறப்பிக்கப்பெற்ற ஆணை 2021 சனவரி முதல் நாளிலிருந்து நடைமுறையிலுள்ளது. மின்விசையால் இயங்குவனவற்றுக்கு ஐ.எஸ். 15644 என்னும் தரம் அதில் வகுக்கப்பட்டுள்ளது. மாணவர் செய்யும் பொருள்தானே எனக் கருதி இத்தரத்தைப் புறக்கணித்தல் தகாது.

திருகாணியென்றோம். அதனைக் காப்பிற்காகவேயன்றித் திறப்பதற்காகவும் வேண்டுகின்றோம். ஒட்டி அடைக்கப்பட்ட பெட்டி பழுதானால் குப்பைக்கே செல்லும். திருகாணியுள்ள பெட்டியை அண்ணனோ அக்காளோ அருகிருந்து திறந்துகாட்டலாம். 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, ஆசிரியர் பலரைப் பயிற்றிய மரியா மாண்டிசோரி அம்மையார் பொய்யுருவ விளையாட்டுக்களைப் பெரிதாகப் பாராட்டியவரல்லர். ஆயினும் பிள்ளை தானே செய்து, தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்ளுமாறு கருவி அமைதல் வேண்டுமென அவர் வற்புறுத்தியது இங்கும் பொருந்துவதே. பழம்பொருள்களைக் கொண்டே அறிவியல் விளையாட்டுப் பொருள்கள் செய்யக் கற்பித்து 2018-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அரவிந்த குப்தாவும், நாட்டுப்புற விளையாட்டுப் பொருள்களைத் தொகுத்தாராய்ந்த சுதர்சன் கன்னாவும் நமக்கு வழிகாட்டிகளாக விளங்குகின்றனர். விளையாட்டுப் பொருளை வாங்கிய பிள்ளை ஒரு நாள் மகிழும். அதன் உள்ளமைப்பை உணர்ந்த பிள்ளை அடுத்ததைத் தானே செய்யும் என்பதே இவர்தம் பணியால் நாமறிவது.

ஆதலின் நம் கல்லூரி மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் கண்காட்சிக்கெனப் பொறிகள் பல செய்கின்றீர்கள். கண்காட்சி முடிந்தபின் அவை அலமாரியில் உறங்குகின்றன. இவ்வாண்டில் ஒரு கோற்குதிரை செய்யுங்கள். கோலுக்குத் தச்சரையும், தலைக்குத் தையற்காரரையும் நாடுங்கள். வடிவின் நுட்பத்திற்குத் தோவாளை மாலைக்காரரிடம் சென்று, மூன்றே பொருள்களால் மணிமாலையைத் தோற்றுவிக்கும் அவர்தம் சிக்கனத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். எதனைச் சேர்ப்பதென்பதை எவரும் அறிவர். எதனை விடுப்பதென்பதை அறிந்தவரே கலைஞர்.

செய்து முடித்தபின், பரிசளிக்கும் நடுவரிடம் அதனைக் காட்டுதற்கு முன்னர், பூ வணிகம் நிகழும் அத்தெருக்களிலுள்ள பிள்ளைகளிடம் சில கிழமை விட்டுவையுங்கள். அவர்கள் முதல்நாளில் வியப்பதைக் கொண்டு மகிழ்ந்துவிட வேண்டா. வியப்பு எப்புதுப் பொருளுக்கும் கிடைப்பதே. ஒருநாள் மின்கலம் தீர்ந்துபோகும். சிரட்டை ஒலியாது நிற்கும். அன்று அக்குதிரையை மூலையிற் சாத்திவிட்டுப் பிள்ளைகள் அகல்வாராயின், நீங்கள் செய்தது பொறியே, குதிரையன்று. தம் வாயாலேயே குளம்பொலி எழுப்பிக்கொண்டு அதன்மேல் ஓடுவாராயின், உங்கள் கல்வி பயனுடையதாயிற்றென்று அறிந்துகொள்ளுங்கள்.