கண்டவர் கடமை

1861-ஆம் ஆண்டு கார்ல்டன் வாட்கின்ஸ் என்னும் புகைப்படக் கலைஞர், பெரிய காமிராவையும் கனத்த கண்ணாடித் தகடுகளையும் கோவேறு கழுதைகள்மீது ஏற்றிக்கொண்டு கலிபோர்னியாவின் மலைகளுக்குள் புகுந்தார். மரிபோசா வனத்தில், ஏறத்தாழ 3,000 ஆண்டுகளாக நிமிர்ந்து நிற்கும் செக்கோயா மரமொன்றைப் படம் பிடித்தார். மறு ஆண்டு நியூயார்க் நகரில் அவருடைய படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அவ்வனத்தை அறியாதோரும் கண்டு வியந்தனர். 1864-இல், உள்நாட்டுப் போரின் நடுவிலும், அதிபர் லிங்கன் தாம் ஒருபோதும் கண்டிராத அவ்வனத்தைக் காக்கும் சட்டத்தில் ஒப்பமிட்டார்.

இறைவனின் படைப்பைக் கண்டு மகிழ்வதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? கண்டதைக் காணாதவர்க்கு எடுத்துரைப்பவரே சாட்சி. நம் பங்கின் ஏரி தூர்ந்துபோகும்போதும், முன்னோர் நட்ட ஆலமரம் வீழ்த்தப்படும்போதும் நாம் வாய் திறக்கின்றோமா? கண்டும் காணாதவராய் இருந்துவிட்டால், கண்களைத் தந்தவரிடம் என்ன விடை பகர்வோம்?